சிஆர்பி அளவும் மாரடைப்பும்: ரத்தம் கொடுக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கொரோனாவுக்கு முன்னால் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை டாக்டர்களுக்கும் எங்களைப் போன்ற லேப் ஆட்களுக்கும்தான் தெரியும். 2020, 2021 இரண்டு வருடத்தில் அது வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்டது. இப்போது முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் 'ஹெச்எஸ் சிஆர்பி' என்று ஒரு வரி சேர்ந்து வருகிறது. பக்கத்தில் 'இதய நோய் அபாயம்' என்று அச்சடித்து, எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் காலையில் வந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

கொங்கு நாட்டில் ஒரு சின்ன ஊரில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன் இவ்வளவாவது தெரிந்திருந்தால் பயமும் குறையும், அங்கே கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்கவும் முடியும் என்பதற்காக எழுதுகிறேன்.

நெஞ்சு ஒரு மாதிரி வலிக்கிறது. சிஆர்பி எடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து, "ஏதோ ஹார்ட்டுக்கு ரத்த டெஸ்ட் இருக்குதாமா, அதை எடுத்துப் பாருங்க அம்மணி" என்று கையை நீட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மார்கழிக் குளிரில் அப்படி வியர்க்கக் கூடாது. கையைப் பிடித்துப் பார்த்தால் சில்லென்று இருந்தது. ஊசியை வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். அடுத்த தெருவில் ஈசிஜி எடுத்தார்கள், மாரடைப்புதான். பிழைத்துக்கொண்டார்.

நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடுகிற வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது, இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். அங்கே எடுக்க வேண்டியது ஈசிஜியும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பாக, வாயு மாதிரிகூட வரும். சிஆர்பி வரும் வருடங்களுக்கான கணக்கு. இந்த நிமிடத்துக்கு அது உதவாது.

சரி, சிஆர்பி என்றால் என்ன?

கல்லீரல் செய்கிற ஒரு புரதம். உடம்பில் எங்காவது காயம், கிருமி, அழற்சி (உடம்பு எதிர்த்துப் போராடும்போது வரும் சூடு, வீக்கம்) என்றால் அங்கிருக்கும் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற ஒரு தூதுவனை ரத்தத்தில் அனுப்பும். அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் சிஆர்பி உற்பத்தி ஏறும். சில மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். பெரிய தொற்று என்றால் நூறு மடங்குக்கு மேலும் ஏறும். காரணம் அடங்கிவிட்டால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாக இறங்கிவிடும்.

1930-இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் உறையில் உள்ள 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு போய் ஒட்டிக்கொண்டதால் 'சி ரியாக்டிவ் புரோட்டீன்'. அந்த முதலெழுத்துகள்தான் சிஆர்பி.

வருகிறவர்களுக்கு நான் சொல்லும் உவமை ஒன்று உண்டு. சிஆர்பி என்பது வாசலில் கட்டியிருக்கும் நாய் குரைப்பது மாதிரி. குரைத்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும். வந்தது திருடனா, பால்காரரா என்று குரைப்பை வைத்துச் சொல்ல முடியாது.

சாதாரண சிஆர்பியும் ஹெச்எஸ் சிஆர்பியும் வேறு வேறா?

புரதம் ஒன்றுதான். அளக்கிற நுட்பம் வேறு. 'ஹெச்எஸ்' என்றால் மிகச் சிறிய அளவையும் துல்லியமாகப் பிடிக்கும் முறை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கறுப்பு நிறக் கண்ணாடிப் பட்டையில்தான் சிஆர்பி பார்ப்போம். ஒரு சொட்டு சீரம், பக்கத்தில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு சொட்டு லேட்டக்ஸ் திரவம். குச்சியால் கலக்கி, பட்டையைக் கையில் வைத்து இரண்டு நிமிடம் மெதுவாக ஆட்ட வேண்டும். பால் திரிந்த மாதிரி திட்டுத் திட்டாக வந்தால் 'பாசிட்டிவ்'. வராவிட்டால் 'நெகட்டிவ்'. ஆனால் அந்த முறையில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் இருந்தால்தான் திரியும். இதய நோய்க் கணக்கு எல்லாமே 1, 2, 3 என்ற எண்களுக்குள் நடப்பது. பழைய முறையில் 'நெகட்டிவ்' வந்த ரத்தத்துக்குள்ளேயே 0.5-உம் உண்டு, 4-உம் உண்டு. அந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டத்தான் ஹெச்எஸ் வந்தது.

என் ரிப்போர்ட்டில் 0.4 என்று இருக்கிறது. நல்லதுதானே?

எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும். சில லேப் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். டெசிலிட்டரில் 0.4 என்றால் லிட்டரில் 4. முதல் கணக்கில் அருமையான எண், இரண்டாவது கணக்கில் உயர்ந்த எண்.

ஒரு அம்மா இரண்டு வருடத்து ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். போன வருடம் 0.28, இந்த வருடம் 2.6. "ஒம்பது மடங்கு ஏறிப்போச்சு கண்ணு" என்று கண் கலங்கிவிட்டார். போன வருடம் எடுத்தது வேறு ஊரில், டெசிலிட்டர் கணக்கில். லிட்டருக்கு மாற்றினால் 2.8. ஏறவே இல்லை, ஒரு துளி குறைந்திருந்தது. அந்த ஒரு வாரம் அவர் பட்ட வேதனைக்குக் காரணம் ஒரே ஒரு அலகு. ரிப்போர்ட் கொடுக்கும் எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அன்றிலிருந்து அலகை நான் பேனாவால் வட்டம் போட்டே கொடுக்கிறேன்.

எவ்வளவு இருந்தால் சரி?

2003-இல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமும் சேர்ந்து போட்ட வரம்புதான் இன்றும் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் குறைந்த அபாயம், 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் இதயக் கணக்கையே விட்டுவிட வேண்டும். வேறு தொற்றோ அழற்சியோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும், அது அடங்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். 2019-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் 2-ஐயும் அதற்கு மேலும் 'அபாயத்தைக் கூட்டும் அம்சம்' என்று வைத்திருக்கிறது.

ஒரே ஒரு முறை எடுத்த எண்ணை நம்பாதீர்கள். குறைந்தது இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

கொழுப்பு போய் அடைப்பதுதானே மாரடைப்பு? அழற்சி எங்கிருந்து வந்தது?

தண்ணீர்க் குழாயில் உப்பு படிகிற மாதிரி ரத்தக்குழாயில் கொழுப்பு படிகிறது என்றுதான் நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. குழாய் என்பது உயிருள்ள சதை. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் துகள்கள் குழாயின் உட்சுவருக்கு உள்ளே நுழைந்து தங்குகின்றன, மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. அங்கே அவை கெட்டுப்போகும்போது உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, வெள்ளணுக்களை அனுப்புகிறது. வந்த வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி விழுங்கி, நுரை நிரம்பிய மாதிரி உப்பிப்போய் அங்கேயே கிடக்கும். அவை மேலும் ஆட்களைக் கூப்பிடும். இப்படி வருடக்கணக்கில் ஒரு பரு மாதிரி உள்ளே பழுத்துக்கொண்டிருக்கும். மேலே நாரால் ஆன ஒரு மூடி.

அழற்சி கூடினால் அந்த மூடி மெலிந்துபோகும். ஒரு நாள் அது கிழியும். கிழிந்த இடத்தில் உடம்பு வழக்கம்போல ரத்தத்தை உறைய வைக்கும், அந்த உறைவு குழாயை அடைத்துவிடும். பல மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன. அதனால்தான் போன மாதம்வரை மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர், பெரிய அடைப்பு எதுவும் இல்லாதவர், திடீரென்று விழுகிறார். அடைப்பு பெரிதா சிறிதா என்பதைவிட, அது அமைதியாக இருக்கிறதா, பழுத்துக்கொண்டிருக்கிறதா என்பது பல நேரம் முக்கியம்.

ரத்தக்குழாய் நோயில் அழற்சி இருக்கிறது என்று ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ 1850-களிலேயே எழுதினார். அதை மருத்துவ உலகம் முழுமனதாக எடுத்துக்கொள்ள நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

சிஆர்பிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கதை இது, ஏனென்றால் இது எங்களைப் போல ரத்தம் எடுத்து வைத்தவர்களின் கதையும்கூட. 1982-இல் அமெரிக்காவில் ஆஸ்பிரின் ஆய்வு ஒன்றுக்காக 22,071 ஆண் டாக்டர்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் அப்போது நல்ல ஆரோக்கியம். பலர் ரத்தம் கொடுத்தார்கள்; அதை உறைய வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். வருடங்கள் கழித்து அவர்களில் சிலருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வந்தது. பால் ரிட்கர் என்ற ஆய்வாளரின் குழு, நோய் வந்தவர்களின் பழைய ரத்தத்தையும் வராதவர்களின் பழைய ரத்தத்தையும் எடுத்து உருக்கி சிஆர்பி பார்த்தது. 1997-இல் முடிவு வந்தது. சிஆர்பி மிக உயர்ந்திருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைந்திருந்த கால்வாசிப் பேரைவிட மாரடைப்பு அபாயம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் அறிகுறி இருந்திருக்கிறது.

அப்புறம் பெண்கள். அமெரிக்காவில் 27,939 பெண்களை 30 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2024-இல் வெளியானது. சேரும்போது அவர்களின் சராசரி வயது 55-ஐ ஒட்டி. அன்று ஒரே ஒரு முறை எடுத்த ரத்தத்தில் எல்டிஎல், அதைப் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லைப்போபுரோட்டீன்-ஏ, ஹெச்எஸ் சிஆர்பி மூன்றையும் பார்த்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மேல்மட்டத்தில் இருந்த ஐந்தில் ஒரு பங்கினரைக் கீழ்மட்ட ஐந்தில் ஒரு பங்கினரோடு ஒப்பிட்டால், எல்டிஎல் அதிகமுள்ளவர்களுக்கு அபாயம் 36 சதவீதம் கூடுதல், லைப்போபுரோட்டீன்-ஏ அதிகமுள்ளவர்களுக்கு 33 சதவீதம், சிஆர்பி அதிகமுள்ளவர்களுக்கு 70 சதவீதம்.

நம் பக்கம் சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்விலும் சிஆர்பிக்கும் உடல் கொழுப்பு, சர்க்கரை நோய், இதய நோய் மூன்றுக்கும் தொடர்பு தெரிந்தது.

அப்படியானால் சிஆர்பிதான் ரத்தக்குழாயைக் கெடுக்கிறதா?

இல்லை என்றுதான் ஆதாரங்கள் சொல்கின்றன. சிலர் பிறவியிலேயே, மரபணு காரணமாக, கொஞ்சம் அதிக சிஆர்பியோடு இருப்பார்கள். சிஆர்பியே குற்றவாளி என்றால் அவர்களுக்கு மாரடைப்பும் அதிகமாக வர வேண்டும். 2011-இல் சுமார் 1,94,000 பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்படி வரவில்லை. ஆனால் அடுத்த வருடமே இன்னொரு விஷயம் தெரிந்தது: இன்டர்லூக்கின்-6-இன் வேலையைப் பிறவியிலேயே மட்டுப்படுத்தும் மரபணு உள்ளவர்களுக்கு இதய நோய் குறைவு. ஆக, கோளாறு சிஆர்பிக்கு மேலே, அதைத் தூண்டிவிடும் இடத்தில் இருக்கிறது. நாயின் வாயைக் கட்டினால் திருடன் போய்விட மாட்டான்.

அதனால் 'சிஆர்பி குறைக்கும் டானிக்', 'சிஆர்பி குறைக்கும் பொடி' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்று நிரூபித்திருக்கிறார்களா?

குறையும் என்று காட்டியிருக்கிறார்கள், ஆனால் எல்லா மருந்துக்கும் அது பொருந்தவில்லை.

2008-இல் வந்த ஜூபிடர் ஆய்வில் 17,802 பேர். எல்டிஎல் 130-க்குக் கீழே, அதாவது கொழுப்பு மாத்திரை எழுதத் தேவையில்லாதவர்கள். ஆனால் சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல். பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 44 சதவீதம் குறைந்ததால் ஆய்வையே முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த மாத்திரை எல்டிஎல்லையும் பாதியாகக் குறைத்துவிடுகிறது. பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதைப் பிரித்துக் காட்டியது 2017-இல் வந்த கான்டோஸ். ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர். கானகினுமாப் என்ற ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அது கொழுப்பைத் தொடாது. அழற்சிச் சங்கிலியில் இன்டர்லூக்கின்-1 என்ற கண்ணியை மட்டும் அறுக்கும். 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மறு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தது. விர்ச்சோ சொன்னது சரிதான் என்று நேரடியாகக் காட்டிய முதல் பெரிய ஆய்வு அது. ஆனால் தொற்று வந்து இறந்தவர்கள் அந்தப் பக்கம் கூடுதல். மொத்த இறப்பு குறையவில்லை. மருந்தும் கொள்ளை விலை. இதயத்துக்கான மருந்தாக அது புழக்கத்துக்கு வரவில்லை.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட்டைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், 4,786 பேருக்கு. சிஆர்பியும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை.

கோல்சிசின் என்ற மாத்திரை இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, அது நம் கண்வலிக் கிழங்கிலிருந்து எடுப்பதுதானா?

ஆமாம். இதைக் கேட்டவர் மூலனூர்ப் பக்கம் கண்வலி போடும் விவசாயி ஒருவர். செங்காந்தள், கார்த்திகைப் பூ, கண்வலிக் கிழங்கு எல்லாம் ஒரே கொடிதான். தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பி கட்டிக் கொடியை ஏற்றி, பூத்த காலத்தில் விடியற்காலையில் ஆள் வைத்துப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைப்பார்கள். அந்த விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அதில் இருப்பது கோல்சிசின். ஐரோப்பாவில் இதே பொருளை வேறொரு பூச்செடியிலிருந்து எடுப்பார்கள். யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கும் நோய்க்கு நெடுங்காலமாக இருக்கும் மருந்து.

2019-இல் வந்த கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் இருந்த 4,745 பேருக்குத் தினம் அரை மில்லிகிராம் கோல்சிசினோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். இதயக் கோளாறுகள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்தன. 2020-இல், நாள்பட்ட இதய நோய் உள்ள 5,522 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் 31 சதவீதக் குறைவு. 2023 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதய நோய்க்கு இதை அனுமதித்தது. ஆனால் 2024-இல் 7,062 பேரிடம், மாரடைப்பு வந்த உடனே தொடங்கிப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. இதயக் கோளாறு வந்தவர்கள் கோல்சிசின் பக்கம் 9.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 9.3. ஆகவே யாருக்குத் தருவது, எப்போது தருவது என்பதை இதய மருத்துவர்தான் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அந்த விவசாயி என்னிடம் அடுத்துக் கேட்டது: "அப்பொ விதையை இடிச்சு ஒரு சிட்டிகை போட்டுக்கலாமா அம்மணி?" கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன், தொடவே கூடாது என்று. கிழங்கும் விதையும் கடும் விஷம். மருந்து அளவுக்கும் விஷ அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. மாத்திரையில்கூட, சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது உடம்பில் தேங்கி ஆபத்தாகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் விதை மூட்டையைக்கூட எட்டாத இடத்தில் வையுங்கள்.

எப்போது எடுக்கக் கூடாது?

சளி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பல் பிடுங்கியது, தடுப்பூசி போட்டது, வண்டியிலிருந்து விழுந்தது, அறுவை சிகிச்சை, இவற்றில் ஏதாவது நடந்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் பொறுங்கள். முந்தின நாள் மாரத்தான் ஓடிவிட்டு வந்தாலும் எண் ஏறியிருக்கும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ சாப்பிடும் பெண்களுக்கும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். இதையெல்லாம் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

இதற்கு மட்டும் என்றால் தேவையில்லை. கூடவே சர்க்கரை பார்ப்பதாக இருந்தால் வெறும் வயிற்றில் வாருங்கள்.

ஈஎஸ்ஆர், ஃபெரிட்டின், ஹோமோசிஸ்டீன் எல்லாம் எடுக்கச் சொல்கிறார்களே?

ஈஎஸ்ஆர் என்பது நீளமான குழாயில் ரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்ப்பது. காசநோய், மூட்டுவாதம் போன்றவற்றுக்கு இன்றும் உதவும் பழைய பரிசோதனை. ஆனால் ரத்தசோகை இருந்தாலே ஏறும், வயதானாலே ஏறும். இதய அபாயம் கணக்கிட அதை வைத்துக்கொள்வதில்லை. ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. அழற்சியிலும் ஏறும் என்பதால் கொரோனாவில் பார்த்தார்கள். அதையும் மாரடைப்புக் கணக்குக்கு எடுக்க வேண்டியதில்லை.

ஹோமோசிஸ்டீன் பற்றி ஒரு வார்த்தை. அது அழற்சிக் குறியீடு கிடையாது. வைட்டமின் பி12 குறைந்தால் ஏறும், அதனால் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு உயர்ந்திருக்கும். ஃபோலிக் அமிலமும் பி12-உம் கொடுத்து அதைக் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், 2006-இல் வந்த இரண்டு உட்பட, மாரடைப்பு குறையவில்லை. பி12 குறைவாக இருந்தால் நரம்புக்காகவும் ரத்தத்துக்காகவும் சரிசெய்யுங்கள். மாரடைப்பைத் தடுக்கும் என்று நம்பிச் சாப்பிட வேண்டாம்.

எனக்கு முடக்குவாதம் இருக்கிறது. சிஆர்பி எப்போதுமே அதிகம்தான். இதயத்துக்கு ஆபத்தா?

முடக்குவாதம், சோரியாசிஸ், லூபஸ் போன்ற நாள்பட்ட அழற்சி நோய் உள்ளவர்களுக்கு இதய அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். முடக்குவாதம் இருந்தால் வழக்கமாகக் கணக்கிடும் அபாயத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய வாத நோய் வழிகாட்டுதல் சொல்கிறது. மூட்டு வலிக்கு மட்டும் பார்த்துக்கொண்டு, பிரஷரையும் கொழுப்பையும் யாரும் பார்க்காமல் விட்டுவிடுவது நிறைய நடக்கிறது. அடுத்த முறை வாத டாக்டரிடம் போகும்போது இதையும் கேளுங்கள். வாதத்தை நன்றாகக் கட்டுக்குள் வைப்பதும் இதயத்துக்கு நல்லது. வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கித் தினம் போடாதீர்கள், அவற்றில் பல இதயத்துக்குக் கெடுதல்.

காய்ச்சல் வந்தால் மாரடைப்பு வருமா?

வயதானவர்களும் ஏற்கெனவே அடைப்பு உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இன்ஃபுளுயன்ஸா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு அபாயம் மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு இருந்தது. உடம்பு முழுக்க அழற்சி பொங்கும்போது, உள்ளே பழுத்திருக்கும் மூடி கிழிய வாய்ப்பு கூடுகிறது. இதய நோய் உள்ளவர்களுக்கு வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

எனக்கு 38 வயது. இரண்டு முறை எடுத்தும் 4.8. வேறு நோய் எதுவும் இல்லை. என்ன செய்வது?

நாய் எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று தேடுங்கள். முதலில் ஒரு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் அதுவே போதுமான காரணம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்டர்லூக்கின்-6-ஐத் தானே சுரக்கிறது; நோய் எதுவும் இல்லாமலேயே சிஆர்பி உயர்ந்து நிற்கும். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும் நம் ஆட்களுக்கு இது அதிகம். எடை குறையக் குறைய எண்ணும் இறங்கும்.

அடுத்தது பீடி, சிகரெட். அப்புறம் வாயைத் திறந்து கண்ணாடியில் பாருங்கள். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா? ஈறு நோய் என்பது தினம் தினம் நடக்கும் அழற்சி. பல் டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்து சரிசெய்தால் சிஆர்பி கொஞ்சம் இறங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, பகலில் தூங்கி வழிகிறீர்களா? அதுவும் காரணமாகலாம்.

அதன் பிறகு சர்க்கரை, பிரஷர், எல்டிஎல். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, புகை, கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொந்தி, மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடலுழைப்புக் குறைவு, மது தொடர்பான பழக்கம் என்ற ஒன்பதும் சேர்ந்து முதல் மாரடைப்பு அபாயத்தில் சுமார் 90 சதவீதத்தை விளக்குகின்றன என்றது. அதே ஆய்வில்தான் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும் மற்ற நாட்டினருக்கு 59 என்றும் தெரிந்தது. ஆறு வருடம் முன்னதாக! 38 வயதில் இதைப் பார்ப்பது சீக்கிரம் என்று நினைக்காதீர்கள்.

சிஆர்பி அதிகம் என்பதற்காக ஆஸ்பிரினை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். வயிற்றிலும் மூளையிலும் ரத்தக்கசிவு வரலாம். ஏற்கெனவே ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எண் நன்றாக இருக்கிறது என்று நிறுத்தாதீர்கள். எண் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால் இருக்கலாம்.

மஞ்சளும் பூண்டும் போதாதா?

சமையலுக்குத் தாராளமாகப் போடுங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் சோதனைக் குழாயில் அழற்சியைத் தணிப்பது உண்மை, ஆனால் வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு மிகக் கொஞ்சம்தான் போய்ச் சேர்கிறது. அதைச் சாப்பிட்டு மாரடைப்பு குறைந்ததாகப் பெரிய ஆய்வு எதுவும் காட்டவில்லை. எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சள் பால் குடிப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

யாருக்குத்தான் இந்தப் பரிசோதனை உபயோகம்?

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும், எல்டிஎல் எகிறியவர்களுக்கும் சிகிச்சை எப்படியும் உண்டு. அதைத் தொடங்க இந்த எண் தேவையில்லை. அபாயம் மிகக் குறைவான இளைஞர்களுக்கும் பெரும்பாலும் தேவையில்லை. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இது கை கொடுக்கும்: கொழுப்பு கொஞ்சம் கூடுதல், அப்பாவுக்கு ஐம்பதில் மாரடைப்பு, மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரே யோசிக்கும் நிலை. அங்கே 2-க்கு மேல் இருந்தால் தராசு தொடங்கும் பக்கம் சாயும். கையில் காசு குறைவு என்றால் முதலில் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். இது அதற்கு அப்புறம்தான்.

மறுபடி எப்போது எடுப்பது?

மாதா மாதம் வேண்டாம். எடை, நடை, சிகரெட், மாத்திரை என்று ஏதாவது மாற்றியிருந்தால் மூன்று மாதம் கழித்து ஒருமுறை. முடிந்தவரை அதே லேப், அதே அலகு. பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் கையோடு கொண்டு வாருங்கள்.